டைனோவில் 172 ஹெச்பி, ஸ்ட்ரிப்பில் 136 கி.மீ.: ஆட்டோமேட்டிக் காரின் உண்மையான பவரைக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

பெங்களூருவில் ஸ்டேஜ் 1 ரிமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவர் கூட்டுவது) போட்ட பலரும் ஒரே குழப்பத்தோடு வருகிறார்கள். டைனோ, அதாவது சக்கரத்தை ரோலர்மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி, தரும் பேப்பரில் 172 ஹெச்பி. ஆனால் ஸ்ட்ரிப்பில், அதாவது நேர் ஓடுபாதையில், கால் மைல் (402 மீட்டர்) ஓட்டினால் 16 வினாடிக்கு மேல் ஆகிறது, கடைசி வேகம் 136 கி.மீ. தாண்டவில்லை. டியூனர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர், தனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சிலர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. டைனோ அளப்பது ஒன்று, ஸ்ட்ரிப் அளப்பது இன்னொன்று. நடுவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும், 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் காற்றும் நிற்கின்றன.

கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். முதலில் ஸ்ட்ரிப்புக்குப் போய்விட்டுப் பிறகு டைனோவில் ஏற்றினால், இடையில் எது மாறியது என்று தெரியாமலே போகும்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஓபிடி அடாப்டர் (காரின் சோதனை சாக்கெட்டில் செருகி எஞ்சின் விவரங்களைப் போனுக்கு அனுப்பும் கருவி) ஒன்றும் அதற்கான ஆப்பும் வேண்டும். ஆர்பிஎம், வண்டி வேகம், உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), பூஸ்ட் (டர்போ கொடுக்கும் கூடுதல் காற்றழுத்தம்) ஆகிய ஐந்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். மலிவான அடாப்டரில் ஐந்தையும் போட்டால் வினாடிக்கு ஓரிரு பதிவுதான் வரும். அப்போது ஆர்பிஎம், வேகம் இரண்டை மட்டும் வைத்து ஒரு ரன், மற்றவற்றை வைத்து அடுத்த ரன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

டயர் பிரஷர் கேஜ் சொந்தமாக ஒன்று வாங்குங்கள். பங்க்கில் இருக்கும் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டும்.

பெட்ரோல் ஒரே வகையாக இருக்கட்டும். டைனோ அன்று எக்ஸ்பி100 (100 ஆக்டேன் பெட்ரோல்), ஸ்ட்ரிப் அன்று சாதாரண பெட்ரோல் என்றால் ஒப்பிடவே முடியாது. டர்போ எஞ்சினில் ஆக்டேன் குறைந்தால் ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், பவர் அங்கேயே போய்விடும். வகையை மாற்றினால் டேங்க் கிட்டத்தட்ட காலியான பிறகு நிரப்பி, 100 கி.மீ.யாவது ஓட்டிவிட்டு அளவெடுங்கள்.

2. கியர்பாக்ஸ் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் இங்கே நான்கு வகை விற்கிறது. டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாகப் பவரைக் கடத்துவது), டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்வது), சிவிடி (படி இல்லாமல் விகிதம் மாறுவது), ஏஎம்டி (மேனுவல் பெட்டியின் கிளட்ச்சையும் கியரையும் இயந்திரமே இயக்குவது). கீழே வரும் ஒவ்வொரு படியும் வகைக்கு வகை மாறும்.

ஒரே மாடலில்கூட இது மாறுகிறது. ஃபோக்ஸ்வேகன் வர்ச்சுஸ், ஸ்கோடா ஸ்லாவியா போன்றவற்றில் 1.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சினுக்கு 6-ஸ்பீடு டார்க் கன்வெர்ட்டர், 1.5 டிஎஸ்ஐக்கு 7-ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி (டூயல் கிளட்ச் வகை). அந்த டிரை கிளட்ச் பெட்டியின் டார்க் (சுழற்று விசை) வரம்பு 250 நியூட்டன் மீட்டர். எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 250 கொடுக்கிறது. ரிமேப் போட்டு 300-க்கு மேல் தள்ளினால் என்ன ஆகும் என்பது 10-வது படியில் வரும்.

ஏஎம்டி வண்டியில் இந்த வழிகாட்டியின் பாதி தேவையில்லை. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் டார்க் முழுதாக அறுபடுவதால், எஞ்சின் பவரைவிட அந்த இடைவெளிதான் நேரத்தைத் தின்னும்.

3. வண்டியை எடை போடுங்கள்

பிரோஷரில் போட்ட எடையை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். பீன்யா, பொம்மசந்திரா பக்கம் லாரி எடைமேடைகள் உண்டு. ஸ்ட்ரிப்பில் எப்படி ஓட்டுவீர்களோ அதே நிலையில் ஏற்றுங்கள்: நீங்கள் உள்ளே உட்கார்ந்து, ஹெல்மெட்டோடு, அதே அளவு பெட்ரோலோடு.

லாரி மேடை 10 அல்லது 20 கிலோ படியாகத்தான் காட்டும். இரண்டு முறை ஏறி இறங்கிச் சராசரி எடுங்கள். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.75 கிலோ. 40 லிட்டர் நிரப்பியதற்கும் 10 லிட்டர் வைத்திருப்பதற்கும் 22 கிலோ வித்தியாசம்.

எடையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கடைசியில் ஸ்ட்ரிப் வேகத்திலிருந்து பவரைக் கணக்கிடும்போது, எடையில் 5 சதவீதம் தப்பு என்றால் ஹெச்பியிலும் அதே 5 சதவீதம் தப்பு.

4. டைனோவில் ஏற்றும் முன்

டயர் பிரஷரைக் கம்பெனி சொன்ன அளவிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ கூட்டி வையுங்கள், உதாரணமாக 35. எழுதி வையுங்கள். ரோலரில் டயர் அமுங்கி அமுங்கிச் சூடாகும். பிரஷர் குறைந்தால் அந்த உராய்வு கூடி, பவர் குறைந்ததுபோலத் தெரியும். கட்டும் பெல்ட்டை இழுத்து இறுக்குவதும் இதே வேலையைத்தான் செய்யும். முதல் முறை எவ்வளவு இறுக்கினார்களோ அதே அளவில் அடுத்த முறையும் இறுக்கச் சொல்லுங்கள்.

இஎஸ்பி, டிராக்ஷன் கண்ட்ரோல் இரண்டும் உண்மையிலேயே அணைந்திருக்கின்றனவா பாருங்கள். முன் சக்கரம் 120-ல் சுழல, பின் சக்கரம் நின்றால் வண்டி ‘வழுக்குகிறது’ என்று நினைத்து பவரைக் குறைக்கும். பல கார்களில் பட்டனை அழுத்தினால் முழுதாக அணையாது. தனியாக டைனோ மோட் போட வேண்டியிருக்கும். அந்த மாடலுக்கு எப்படி என்று முன்கூட்டியே விசாரித்து வாருங்கள்.

ஃபேன் இன்டர்கூலருக்கு (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) நேராக இருக்கட்டும். பல கடைகளில் ஃபேன் ரேடியேட்டரைப் பார்த்து நிற்கும், இன்டர்கூலர் பம்பருக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும்.

5. டைனோ ரன்: எந்த கியர், எப்படி மிதிப்பது

விகிதம் 1-க்கு மிக அருகில் இருக்கும் கியரைத் தேர்ந்தெடுங்கள். இசட்எஃப் கம்பெனியின் 8-ஸ்பீடு பெட்டியில் அது 6-வது கியர். முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் 4-வது. கீழ் கியரில் எஞ்சின் வேகமாக ஏறும்; தன் சொந்த பாகங்களைச் சுழற்றவே அதிக பவரைச் செலவழிக்கும்; ரோலரில் எண் குறையும். முதல் ரன்னில் 3, அடுத்ததில் 4 என்று மாற்றினால் அந்த இரண்டு பேப்பரையும் ஒப்பிடக் கூடாது. அந்த கியரில் ரெட்லைனில் (எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்) வேகம் எவ்வளவு போகும், டயரின் வேகக் குறியீடு அதைத் தாங்குமா என்றும் பாருங்கள்.

மேனுவல் மோடில் போடுங்கள். இருந்தாலும் கிக்டவுன் சிக்கல் வரும். ஆக்சிலரேட்டர் மிதியின் கடைசியில் ‘டக்’ என்று ஒரு தடை இருக்கும். அதைத் தாண்டி மிதித்தால் பல வண்டிகள் மேனுவல் மோடிலும் கியரை இறக்கிவிடும். அந்தத் தடை வரை மட்டும் மிதியுங்கள். ஓபிடியில் திராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் திறந்திருக்கும். 2,000 ஆர்பிஎம்மில் திடீரென்று அமுக்காமல், 2,500 வந்த பிறகு ஒரு வினாடி எடுத்து மிதித்தால் கியர் பிடித்து நிற்கும்.

டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு மட்டும் இன்னொரு வேலை. கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பூட்டியதா என்று பார்க்க வேண்டும். ஆர்பிஎம்மை வேகத்தால் வகுங்கள். 100 கி.மீ.யில் 3,000 ஆர்பிஎம் என்றால் 30. லாக்-அப் பூட்டியிருந்தால் ரன் முழுக்க 30 மாறாது. தொடக்கத்தில் 34, பிறகு 32, கடைசியில் 30 என்று வந்தால் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே பூட்டியிருக்கிறது என்று பொருள்.

இது ஏன் முக்கியம்? ரோலரில் வரும் ஹெச்பிக்கு கியர் விகிதம் தேவையில்லை, விசையும் வேகமும் போதும். ஆனால் பேப்பரில் வரும் டார்க், ஆபரேட்டர் பதிந்த ஒரு நிலையான விகிதத்தை வைத்துக் கணக்கிடுவது. கன்வெர்ட்டர் வழுக்கும்போது எஞ்சின் உண்மையில் 3,400-ல் இருக்கும், டைனோ அதை 3,000 என்று நினைக்கும், டார்க்கை ஊதிக் காட்டும். ‘ரிமேப் போட்டதும் 2,500-லேயே 400 நியூட்டன் மீட்டர்’ என்ற கதைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. கன்வெர்ட்டர் வண்டியின் கீழ் ஆர்பிஎம் டார்க் எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள்.

மூன்று ரன் ஓட்டுங்கள். இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஃபேனில் ஆறட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். ரன்னுக்கு ரன் குறைந்துகொண்டே போனால் காற்று வெப்பத்தைப் பாருங்கள்.

6. திருத்தக் கணக்கு: பெங்களூருவில் எல்லாம் தப்பிப்போகும் இடம்

மற்ற எந்தப் படியில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள்.

டைனோ மென்பொருள் அன்றைய காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் வைத்து, ‘தரமான நாளில் இந்த எஞ்சின் எவ்வளவு கொடுத்திருக்கும்’ என்று ஒரு எண்ணால் பெருக்கும். எஸ்ஏஇ ஜே1349 என்ற தரநிலையில் தரமான நாள் என்றால் 25 டிகிரி, 990 ஹெக்டோபாஸ்கல் உலர் காற்று.

பெங்களூருவில் காற்றழுத்தம் சுமார் 913 ஹெக்டோபாஸ்கல். 30 டிகிரி வெயில், ஈரப்பதம் பாதியளவு என்றால் நீராவியின் பங்கு 20. உலர் காற்று 893. கணக்கு இது:

990-ஐ 893-ஆல் வகுத்தால் 1.109. வெப்பத்துக்கு 303-ஐ 298-ஆல் (30, 25 டிகிரியோடு 273 கூட்டிய எண்கள்) வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.008. இரண்டையும் பெருக்கினால் 1.118. அதை 1.18-ஆல் பெருக்கி 0.18 கழித்தால் 1.139.

அதாவது ரோலரில் 128 வந்தால் பேப்பரில் 146. எதுவும் செய்யாமலே 18 ஹெச்பி.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு இதில் நியாயம் உண்டு. இங்கே காற்று மெலிசு, கடல் மட்டத்துக்குப் போனால் உண்மையிலேயே அந்த அளவுக்குப் பவர் கூடும். டர்போ எஞ்சினுக்கு இது பொருந்தாது. இன்றைய ஈசியூ, எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று இலக்கு வைத்து, காற்று மெலிசாக இருந்தால் டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி இலக்கைத் தொட்டுவிடும். உயரத்தால் போன பவரில் பெரும்பகுதியை டர்போ ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. அதன் மேல் 14 சதவீதத்தை மென்பொருள் மறுபடியும் கூட்டுகிறது. ஒரே இழப்புக்கு இரண்டு முறை நஷ்டஈடு.

திருத்தம் 7 சதவீதத்துக்கு மேல் போனால் நம்பாதே என்பது அந்தத் தரநிலையே வைத்த வரம்பு. பெங்களூருவில் அதை நாள்தோறும் தாண்டுகிறோம்.

ஆகவே பேப்பர் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். திருத்தாத எண்ணை அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். எந்த முறை, பெருக்கிய எண் எவ்வளவு என்று பேப்பரில் இருக்கட்டும். எஸ்டிடி (இன்னொரு திருத்த முறை) என்று போட்டிருந்தால் எஸ்ஏஇயைவிட இன்னும் சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். வெப்ப சென்சார் எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பாருங்கள். பானெட்டுக்கு மேலே தொங்கி 40 டிகிரி காட்டினால் எண் இன்னும் 2 சதவீதம் ஏறும்.

காற்றழுத்தத்தைக் கையால் பதியும் கடையில் எதிர்த்திசைத் தவறும் நடக்கும். போனில் வெதர் ஆப் 1,012 என்று காட்டும். அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். பெங்களூருவில் நிற்கும் காற்றின் அழுத்தம் அல்ல. போனிலேயே பாரோமீட்டர் சென்சார் இருந்தால் அது 910-ஐ ஒட்டிக் காட்டும், அதுதான் வேண்டியது.

கடைசியாக ‘கிராங்க் ஹெச்பி’, அதாவது சக்கரத்தில் அல்லாமல் எஞ்சினிலேயே கிடைக்கும் பவர். 146-ஐ 0.85-ஆல் வகுத்து 172 என்று போடுவார்கள். அந்த 15 சதவீத இழப்பை யாரும் அளக்கவில்லை. சில டைனோக்கள் வண்டியை நியூட்ரலில் உருளவிட்டு இழப்பை அளக்கும். ஆட்டோமேட்டிக்கில் அப்போது கன்வெர்ட்டரும் கிளட்ச்சும் பாரம் சுமப்பதில்லை. சுமக்காதபோது அளந்த இழப்பு, சுமக்கும்போது பொருந்தாது.

7. கிராஃப்பில் உச்சியைப் பார்க்காதீர்கள், பரப்பைப் பாருங்கள்

ஸ்ட்ரிப்பில் எஞ்சின் உச்ச ஆர்பிஎம்மில் இருப்பது கண நேரம்தான். கியர் மாறியதும் கீழே விழும், மறுபடி ஏறும். எவ்வளவு விழும் என்பதை கியர் விகிதம் சொல்லும். இசட்எஃப் 8-ஸ்பீடில் முதல் கியர் 4.714, இரண்டாவது 3.143. வகுத்தால் 1.5. 6,000-ல் மாற்றினால் 4,000-க்கு விழும். ஆகவே 4,000 முதல் 6,000 வரை உள்ள சராசரிதான் வண்டியைத் தள்ளுகிறது.

ஒரே எஞ்சினுக்கு இரண்டு டியூன் என்று வைத்துக்கொள்வோம். 4,000-லிருந்து 500, 500 ஆகக் கூட்டி ஐந்து இடத்தில் படியுங்கள்:

முதல் டியூன்: 118, 136, 152, 166, 176. சராசரி 150.
இரண்டாம் டியூன்: 138, 152, 162, 166, 164. சராசரி 156.

பேப்பரில் முதல் டியூன் 10 ஹெச்பி அதிகம். ஸ்ட்ரிப்பில் இரண்டாம் டியூன் முன்னால் போகும். உங்கள் பெட்டியின் விகிதங்களைத் தேடி எடுத்து, உங்கள் கிராஃப்பில் பென்சிலால் இதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை.

கியரை எப்போது மாற்றுவது என்பதும் இதே கிராஃப்பில் இருக்கிறது. இப்போதைய ஆர்பிஎம்மில் உள்ள பவர், மாற்றிய பிறகு விழும் ஆர்பிஎம்மில் உள்ள பவரைவிட அதிகமாக இருக்கும்வரை மாற்றாதீர்கள். இரண்டாம் டியூனில் 6,000-ல் 164, விழுந்தால் 138. ஆகவே ரெட்லைன் வரை பிடிக்கலாம். சின்ன டர்போ வண்டிகளில் 6,200-க்கு மேல் பவர் செங்குத்தாகச் சரியும். அங்கே முன்னதாகவே மாற்றுவது லாபம்.

8. ஓடும் இடம்

நைஸ் ரோடு, தேவனஹள்ளி ரோடு வேண்டாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய விஷயம், எதிரே வருபவருக்கு உங்கள் 402 மீட்டர் தெரியாது.

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு) அனுமதியோடு நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இங்கிருந்து சுமார் 300 கி.மீ. லோனாவாலா அருகே ஆம்பி வேலி ஓடுபாதையிலும் நடந்திருக்கின்றன. பதிவு செய்யும் முன் தூரத்தைக் கேளுங்கள். இங்கே பல நிகழ்ச்சிகள் கால் மைலைவிடக் குறைந்த தூரத்தில் நடக்கும். கீழே வரும் கணக்கு 402 மீட்டருக்கு மட்டுமே செல்லும்.

ஜிபிஎஸ் பெட்டி வைப்பவர்கள் வினாடிக்கு 25 பதிவு எடுப்பதை வாங்குவது நல்லது, 10 பதிவும் வேலைக்கு ஆகும். ரோல்-அவுட் அமைப்பை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு அடியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நேரம் 0.2 முதல் 0.3 வினாடி குறைந்துவிடும். சரிவையும் பாருங்கள். 1 சதவீதம் இறக்கம் என்றால் 402 மீட்டரில் 4 மீட்டர். 1,400 கிலோ வண்டிக்கு அது சும்மா கிடைக்கும் 55 கிலோஜூல், 136 கி.மீ. வேகத்தில் வண்டி சுமக்கும் மொத்த ஆற்றலில் கிட்டத்தட்ட 5 சதவீதம்.

உயரம் மாறுவதையும் மறக்க வேண்டாம். டர்போ இல்லாத வண்டியை இங்கே டைனோவில் போட்டு இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டினால், திருத்திய எண்ணோடு ஒப்பிடுங்கள். டர்போ வண்டி என்றால் திருத்தாத எண்ணோடு ஒப்பிடுங்கள், சில சதவீதம் கூடுதல் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

9. லாஞ்ச்: நின்ற இடத்திலிருந்து கிளம்புவது

டார்க் கன்வெர்ட்டர்: இடது காலால் பிரேக்கை நன்றாக அழுத்துங்கள். வலது காலால் ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றுங்கள். ஆர்பிஎம் 1,500-ல் நிற்கட்டும். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், எஞ்சின் சத்தம் கனக்கும், பூஸ்ட் ஏறத் தொடங்கும். அப்போது பிரேக்கை விட்டு, அதே மூச்சில் முழுதாக மிதியுங்கள். அடுத்த ரன்னில் 1,700, அதற்கடுத்து 1,900. டயர் கீச்சிடத் தொடங்கும் எண்ணுக்குச் சற்றுக் கீழேதான் உங்கள் லாஞ்ச் ஆர்பிஎம்.

இப்படிப் பிடித்து நிற்பது 3 வினாடிக்கு மேல் கூடாது. எஞ்சின் கொடுக்கும் பவர் முழுக்க அந்த நேரத்தில் கன்வெர்ட்டர் ஆயிலைச் சூடாக்கத்தான் போகிறது. ஆயில் வெப்பம் 120 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆறவிடுங்கள். சில வண்டிகளில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக மிதித்தால் திராட்டிலையே மூடிவிடும். அதில் இந்த முறை நடக்காது.

டூயல் கிளட்ச்: லாஞ்ச் கண்ட்ரோல் இருந்தால் கையேட்டில் சொன்னபடி மட்டும். இல்லாத டிரை கிளட்ச் வண்டியில் பிரேக்கைப் பிடித்து ஆர்பிஎம் ஏற்றாதீர்கள். கிளட்ச் விலகி நிற்கும் அல்லது வழுக்கி எரியும், இரண்டிலும் லாபம் இல்லை. ஆட்டோ ஹோல்டை அணைத்துவிட்டு, பிரேக்கை விடுங்கள், வண்டி ஊரத் தொடங்கியதும் முக்கால் மிதி, அரை வினாடியில் முழு மிதி. கிளட்ச் கவ்விய பிறகு டார்க் வருவதால் உலுக்கல் இருக்காது.

சிவிடியில் செய்வதற்கு அதிகம் இல்லை. மெல்ல மிதித்து முழுதாகக் கொண்டுபோனால் போதும்.

டயர் பிரஷரை எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில் மட்டும் 28 வரை இறக்கலாம். சாதாரண ரோடு டயரை அதற்கும் கீழே கொண்டுபோனால் கடைசி வேகத்தில் வண்டி ஆடும். திரும்ப ஊருக்கு ஓட்டும் முன் ஏற்றிவிடுங்கள்.

10. கியர் மாற்றம்: டைனோ பார்க்காத பகுதி

டைனோ ரன் ஒரே கியரில் நடக்கிறது. முதல், இரண்டாம் கியரில் ஈசியூ வைத்திருக்கும் டார்க் கட்டுப்பாடோ, மாற்றத்தின்போது டைமிங்கைப் பின்னிழுத்து டார்க்கைக் குறைப்பதோ அதில் தெரியாது. எஞ்சினை மட்டும் ரிமேப் செய்து கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரை அப்படியே விட்டால், அது தன் பழைய வரம்பையே பிடித்து நிற்கும். டைனோவில் வந்த பவர் ஸ்ட்ரிப்பில் காணாமல் போவதற்கு இது அடிக்கடி காரணம்.

5-வது படியில் போட்ட அதே வகுத்தல் இங்கேயும் உதவும். டூயல் கிளட்ச்சில் ஒரு கியருக்குள் ஆர்பிஎம்-வேக விகிதம் மாறவே கூடாது. மூன்றாம் கியரில் 41 என்று நிற்க வேண்டியது 4,000 ஆர்பிஎம்மில் 43, 44 என்று ஏறி இறங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. 250 நியூட்டன் மீட்டர் பெட்டியில் 300-க்கு மேல் தள்ளியவர்கள் முதலில் பார்க்கும் அறிகுறி இதுதான். கண்டால் அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். டயர் வழுக்கினாலும் முதல் கியரில் விகிதம் ஏறும் என்பதால் மூன்றாம், நான்காம் கியரை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஸ்போர்ட் மோடில் தானாக மாறவிட்டு மூன்று ரன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பேடில் வைத்து மூன்று ரன் ஓட்டிப் பாருங்கள். பேடிலை இழுத்ததும் பெட்டி உடனே மாற்றாது. ரெட்லைனில் இழுத்தால் லிமிட்டரில் முட்டி நிற்கும். 300, 400 ஆர்பிஎம் முன்னதாக இழுக்கப் பழகாதவர்களுக்குத் தானியங்கி மாற்றமே வேகம்.

11. ஸ்லிப்பை (ஸ்ட்ரிப்பில் தரும் நேரச் சீட்டை) படிப்பது

எடுத்த நேரத்தை வைத்துப் பவரைக் கணக்கிடாதீர்கள். நேரம் லாஞ்ச்சைப் பொறுத்தது. முதல் 60 அடியில் 0.1 வினாடி இழந்தால் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை இழப்பு. கடைசி 20 மீட்டரில் அளக்கும் ட்ராப் ஸ்பீடு அப்படியல்ல. தொடக்கம் சொதப்பினாலும் அது அதிகம் மாறாது. பவரும் எடையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

பயன்படுத்தும் கணக்கு: ட்ராப் ஸ்பீடை 289-ஆல் வகுத்து, வந்த எண்ணின் கனத்தை எடுத்து (அதே எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கி), ஓட்டுநரோடு சேர்ந்த எடையால் பெருக்குங்கள். வருவது எஞ்சின் ஹெச்பி, தோராயமாக.

நம் உதாரணம்: 136-ஐ 289-ஆல் வகுத்தால் 0.47. 0.47 × 0.47 × 0.47 என்றால் 0.104. 1,400 கிலோவால் பெருக்கினால் சுமார் 145 ஹெச்பி.

பேப்பர் சொன்ன 172 உண்மையாக இருந்திருந்தால் ட்ராப் ஸ்பீடு 144-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ரோலரில் வந்த திருத்தாத 128-ஐ, 12 சதவீத இழப்பு என்று வைத்து 0.88-ஆல் வகுத்துப் பாருங்கள். 145. டைனோவும் பொய் சொல்லவில்லை, ஸ்ட்ரிப்பும் பொய் சொல்லவில்லை. நடுவில் போட்ட 1.139-தான் பெரிய பிரச்சினை.

வேகத்தில் 1 கி.மீ. பிசகினால் இங்கே 3 ஹெச்பி மாறும். அதனால் ஒரு ரன்னை நம்பாமல், இரண்டு திசையிலும் ஓட முடிந்தால் ஓடி, மூன்று ரன்னின் சராசரியை எடுங்கள். உயரமான எஸ்யூவிக்குக் காற்றுத் தடை அதிகம் என்பதால் இந்தக் கணக்கு பவரைக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

பிறகு இழப்பு எங்கே என்று தேடுங்கள். 60 அடி நேரம் 2.5-க்கு மேல், ட்ராப் ஸ்பீடு எதிர்பார்த்தபடி என்றால் எஞ்சினைத் தொடாதீர்கள். டயரும் லாஞ்ச்சும்தான் வேலை. 60 அடி நன்றாக இருந்து ட்ராப் ஸ்பீடு விழுந்தால் 201 மீட்டர் நேரத்தைப் பாருங்கள். முழு நேரத்தை அதால் வகுத்தால் 1.55-ஐ ஒட்டி வரும். 1.58, 1.6 என்று போனால் இரண்டாம் பாதியில் பவர் சாகிறது. பதிவில் காற்று வெப்பம் ஏறி டைமிங் இறங்கினால் இன்டர்கூலர். வெப்பம் சரியாக இருந்தும் திராட்டில் தானாக மூடினால் கியர்பாக்ஸ் வரம்பு. எல்லாம் சரியாக இருந்து வேகம் மட்டும் குறைவென்றால் மறுபடி 6-வது படிக்குப் போய் பேப்பரில் உள்ள பெருக்கல் எண்ணைப் பாருங்கள்.

12. மாற்றிய பிறகு மறுபடி அளப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இன்டர்கூலர், எக்ஸாஸ்ட், ரிமேப் மூன்றையும் ஒரே வாரத்தில் போட்டுவிட்டு எது கொடுத்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதே டைனோ, அதே கியர், அதே டயர் பிரஷர், திருத்தாத எண். முடிந்தால் அதே நேரம், அதாவது காலை என்றால் காலையே. பெங்களூருவில் காலை 20 டிகிரிக்கும் மதியம் 32-க்கும் இடையில் டர்போ வண்டிகூட வேறு வண்டியாக நடந்துகொள்ளும்.

ரன்களுக்கு நடுவில் 15 நிமிடமாவது பானெட்டைத் திறந்து ஆறவிடுங்கள். ஒவ்வொரு ரன்னுக்கும் காற்று வெப்பம், ஆயில் வெப்பம், பெட்ரோல் அளவு, டயர் பிரஷர் நான்கையும் ஸ்லிப்பின் பின்புறத்தில் அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்தால் எந்த ஸ்லிப் எந்த ரன் என்பதே மறந்துபோகும்.